பாலத்து மேட்டில் அவிழ்ந்த கயிறு

பிப்ரவரி 3

மூக்கரே,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதக் கை தானாகப் போகிறது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்கணும் என்று அஞ்சாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. மாற்றி எழுதத் தெரியாது.

நம்ம வாயாடிதான் இந்தத் தாள்கட்டை வாங்கி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். "போன்ல என்ன கேட்டாலும் 'ம், ம், நல்லா இருக்கேன்'னு வெச்சுடறே. நான் கேட்டது பாதி உன் காதுலயே விழலை. எழுதும்மா. எழுதினாத்தான் உண்மை வரும்" என்றாள். வாயில் வராத உண்மை பேனாவில் எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு எழுதுவதற்கு முன் கை பழகட்டும் என்று உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். வரி கோணலாகப் போனால் திட்டாதீர்கள். கண்ணில் புரை முற்றிவிட்டது.

கண் டாக்டரம்மா என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். "சர்க்கரை இறங்கினாத்தான் ஆபரேஷன். இவ்வளவு சர்க்கரையை வெச்சுக்கிட்டு நான் கண்ணுல கை வைக்க மாட்டேன். நடங்க. வாயைக் கட்டுங்க." வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் என்னை இஸ்திரி மெஷினில் இருந்து எடுத்துவிட்டார்கள். கருகிப்போன படுக்கை விரிப்பை நல்லது என்று மடித்து அடுக்கியிருக்கிறேன், அது நேரே வார்டுக்குப் போய்விட்டது. இப்போது தலையணை உறை மடிக்கிறேன். அதைக் கையால் தடவியே மடிக்கலாம். சூப்பர்வைசர் நல்ல மாதிரிதான். ஆனாலும் "ஆகஸ்டுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிடுங்கம்மா. அதுக்கு மேல மேலிடம் கேட்டா எனக்குப் பதில் இல்லை" என்று சொல்லிவிட்டான்.

நடக்கணுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் நடந்த மனுஷன் நீங்கள். உப்பைக் குறைத்த மனுஷன். ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் படியில் இறங்கி வந்த மனுஷன். ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மேல் வீட்டுப் பெரியவர் இன்னும் சிகரெட்டும் கையுமாக இருமிக்கொண்டு இருக்கிறார். எமனுக்கு அந்த மாடி ஏற மூச்சு வாங்குகிறது போல.

இதில் எது சரி, எது தப்பு? எனக்குப் புரியவில்லை.

உங்கள் ஷூ வாசலில் அப்படியே இருக்கிறது. ரயில் பாலத்து மேட்டில் பாதி ஏறினதும், அந்த விளக்குக் கம்பத்துக்கிட்டே குனிந்து கயிறு கட்டுவீர்களே, ஒரு நாள் தவறாமல். கிழவனுக்கு மூச்சு வாங்குது, வெளியே சொல்ல வெட்கம் என்று நான் பேசாமல் நிற்பேன். உங்களுக்குப் பிரஷர், தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவீர்கள் என்றுதானே நான் கூட வந்தேன்? இனிமேல் நான் எதற்குப் போக?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கணும். அதுவும் முடியாது.

உங்கள் டமாரம்

பிப்ரவரி 12

அம்மாவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா? மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு படிக்கணும்.

நான் சுகம். மாத்திரை அட்டையில் மாத்திரை சரியாக விழுகிறதா என்று நாள் பூராவும் பார்த்துப் பார்த்து, தூங்கினாலும் கனவில் அட்டை ஓடுகிறது. எங்கள் மாத்திரைக் கம்பெனியில் உடம்பு வகுப்பு என்று ஒன்று நடத்துகிறார்கள். ஒரு அம்மா வந்து பேசுகிறார். அவர் சொன்னதை உனக்கு எழுதணும் என்று மனசிலே முடிந்து வைத்துக்கொண்டேன்.

புதுப் பழக்கம் தனியாக நிற்காதாம். பழைய பழக்கம் ஒன்றில் அதைக் கொண்டுபோய் மாட்டணுமாம். இப்போ நீ காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்? பல் தேய்ப்பாய், அடுப்பு பற்றவைப்பாய். பல் தேய்த்த கையோடு ஷூவைப் போட்டுவிடு. யோசிக்கவே கூடாது. யோசித்தால் காலுக்குப் பதிலாக வாய் நடக்க ஆரம்பித்துவிடும் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

என்னைக் கேட்காதே. தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்று நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். அது மேஜை மேலே அழகாக நிற்கிறது.

அம்மா, விளையாட்டு இல்லை. எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம். நடக்கிறாயா என்று மட்டும் எழுது.

உன் வாயாடி

பிப்ரவரி 22

என் வாயாடிக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன், போட்டேன். போதுமா?

நீ சொன்ன மாதிரியே பல் தேய்த்ததும் ஷூவைப் போட்டுவிடுகிறேன். வாசலைத் தாண்டி, மருந்துக் கடை, பள்ளிக்கூடத்துச் சுவர், அப்புறம் ரயில் பாலம். மேட்டில் காற்று நன்றாக அடிக்கிறது. உச்சியில் நின்றால் கீழே ரயில் போவது காலில் தெரியும், காதில் விழாவிட்டாலும். அந்தப் பக்கம் இறங்கி ரொட்டிக் கடை வரை போய்த் திரும்புகிறேன். ரொட்டி வாங்குவதில்லை. வாசனை மட்டும்தான், அதற்கு சர்க்கரை ஏறாதே.

உன் உடம்பு வகுப்பு அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு. நல்ல புத்திசாலி. நீயும் அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்துப் பார்.

கண் அப்படியேதான் இருக்கிறது. கவலைப்படாதே. வேலை சுலபமான வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா

மார்ச் 9

மூக்கரே,

இங்கே யாரும் சுகம் இல்லை. உங்களிடம் பொய் சொல்ல முடியாது, நீங்கள் ஷூவாக வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

நான் நடக்கவில்லை. ஒரு நாள்கூட. பல் தேய்க்கிறேன், ஷூவை மாட்டுகிறேன், அந்த ஒட்டுப் பட்டையை அழுத்தி ஒட்டுகிறேன். கதவு வரைக்கும் போகிறேன். அப்புறம் என்ன செய்யணும் என்று தெரியவில்லை. நீங்கள் "டமாரம், கிளம்பு, சூரியன் நமக்காக நிற்காது" என்று முதுகில் தட்டுவீர்கள். தட்டினால்தான் எனக்குக் கால் ஓடும். காதுதான் கேட்காதே, முதுகுதானே எனக்குக் காது. இப்போது தட்ட ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைப் பார்க்கிறேன். வேலைக்கு நேரமாகிறது, கழற்றிவிடுகிறேன்.

பழைய பழக்கத்தில் புதுப் பழக்கத்தை மாட்டு என்கிறாள் உங்கள் பெண். என் பழைய பழக்கம் எல்லாவற்றையும் உங்கள் மேல்தானே மாட்டி வைத்திருந்தேன். ஆணியே போய்விட்டது, எதில் மாட்டுவது?

வாயையும் கட்டவில்லை. சலவைக் கூடத்தில் பதினோரு மணிக்கு இனிப்பு பன் வரும். முன்னாடி உங்களை நினைத்து வேண்டாம் என்பேன். நீங்கள் உப்பில்லாமல் விழுங்கும்போது நான் இங்கே இனிப்பு தின்றால் அது துரோகம் இல்லையா? இப்போது யாருக்குத் துரோகம்? நின்றபடியே தின்கிறேன். நின்று தின்றால் கணக்கில் வராது என்று எனக்கு ஒரு நினைப்பு. உடம்புக்கு நின்றதும் தெரியாது, உட்கார்ந்ததும் தெரியாது, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்கிறேன். தெரிந்தால் செய்யணுமே, ஏன் செய்ய மாட்டேன் என்கிறேன்?

அவளுக்கு நடக்கிறேன் என்று எழுதிவிட்டேன். எழுதும்போது நிஜமாகவே நடந்த மாதிரி இருந்தது, அதை என்னவென்று சொல்ல. கால்கூட வலித்தது.

டமாரம்

ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

நீ சுகம்தான் என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

நேற்று கிரீஸ் மாமா போன் பண்ணினார். அப்பாகூட இத்தனை வருஷம் லிஃப்ட் வேலை பார்த்த மனுஷன், ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். "உங்க ஊருப் பக்கம் வந்தேன் வாயாடி. அண்ணியைப் பார்க்கலாம்னா சுத்திக்கிட்டுப் போகணும்னாங்க. ரயில் பாலத்தை ஜனவரியிலேயே அடைச்சுட்டாங்களாமே" என்றார்.

ஜனவரி, அம்மா. நீ பிப்ரவரியில் மேட்டில் காற்று அடிக்கிறது என்று எழுதினாய். ரயில் போவது காலில் தெரிகிறது என்று எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைப் பக்கத்து மெஷின் அக்காவுக்கு எல்லாம் படித்துக் காட்டினேன். எங்க அம்மா தனியாவே நடக்கிறாங்க என்று.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாமா உனக்கு? வேலை போனால் பரவாயில்லையா? நாளைக்கு நான் வந்து நின்றால் யார் வந்தது என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாயா? அப்பா உனக்காக அத்தனை நாள் நடந்ததெல்லாம் வீண்தானா?

இதற்கு மேல் எழுதினால் ஏதாவது எழுதிவிடுவேன்.

வாயாடி

ஏப்ரல் 8

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம்.

நீ எழுதினது பொய் என்று காட்டணும் என்று பாலத்துக்குப் போனேன். மூடித்தான் இருக்கிறது. தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினான். காதில் விழவில்லை. போகாதே என்றுதான் சொல்லியிருப்பான்.

நான் சொன்னது பொய். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா உனக்காக நடந்தார் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குப் பிரஷர். அவருக்காக நான் நடந்தேன். நீ எழுதினதற்கு என்ன அர்த்தம்?

அம்மா

ஏப்ரல் 30

அம்மா,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். சொல்லக்கூடாது என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கோபத்தில் வாய் தவறிவிட்டது. பாதி சொன்னவள் மீதியையும் சொல்லித்தான் ஆகணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கள் ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனைக்குப் போனீர்களே, உன் சலவைக் கூடத்துக்கு எதிரே. நர்ஸ் உன்னிடம் சொன்னது உனக்குக் கேட்கவில்லை, நீ தலையைத் தலையை ஆட்டினாயாம். அப்பாதான் கேட்டார். உனக்குத்தான் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போதே நடந்தால் தள்ளிப் போடலாம் என்று சொன்னாள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

அப்பா எனக்குப் போன் பண்ணினார். "உங்க அம்மாகிட்ட 'உனக்கு நோய், நட'ன்னு சொன்னா நடப்பாளா? 'என் உடம்பு எனக்குத் தெரியும்'னு ரெண்டு பன்னு சேர்த்துத் தின்னுவா. எனக்குன்னு சொல்லிட்டேன். எனக்குப் பிரஷராம், நடக்கணுமாம்னு. உடனே ஷூ வாங்கப் போகலாம்கறா! தனக்குன்னா நகர மாட்டா, அடுத்தவனுக்குன்னா மலை ஏறுவா" என்று சிரித்தார். உப்பும் அதற்காகத்தான் குறைத்தார். நாடகம் பண்ணினால் முழுசாகப் பண்ணணும் என்றார்.

உன்னை ஏமாற்றணும் என்று இல்லை அம்மா. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர் போனதற்கு அப்புறம் சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்மேல் கோபமா?

வாயாடி

மே 11

கிரீஸ் தம்பிக்கு,

சுகமா? வீட்டில், பிள்ளைகள் எல்லோரும் சுகமா? புது ஊரில் புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டுகிறாயாமே. மேலே தொங்கிக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடாதே, அண்ணன் அப்போதே சொல்வார்.

பாலம் மூடினதைத் தண்டோரா போட்டது நீதானே? நன்றாக இரு. அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லு. அண்ணனுக்குப் பிரஷர் இருந்ததா, இல்லையா? பிரஷரே இல்லை, எல்லாம் எனக்காகப் போட்ட வேஷம் என்று என் பெண் சொல்கிறாள். அது தெரிந்ததில் இருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ரெண்டு வருஷம் அவரைக் கைப்பிடித்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பெருமையாக நடந்தேன். பக்கத்து வீட்டில் எல்லாம் "நான் போகாட்டி அவரு போக மாட்டாரு" என்று பீற்றிக்கொண்டேன். அவர் சும்மா கேட்டுக்கொண்டு நின்றார். குழந்தையை விளையாட்டுக் காட்டிச் சோறு ஊட்டுகிற மாதிரி என்னை நடக்க வைத்திருக்கிறார். சிரிக்கணுமா, சண்டை போடணுமா? சண்டை போட ஆள் வேண்டுமே.

நீ வேலை இடத்தில் கூடவே இருந்தவன். உன்னிடம் என்ன சொன்னார்?

அண்ணி

மே 25

அண்ணிக்கு வணக்கம்.

நாங்க எல்லோரும் சுகம். உங்க கண்ணு எப்படி? எனக்கு எழுத்து வராது, பையனோட பேனாவில் எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. பாலத்து விஷயம் சத்தியமா தெரியாமச் சொன்னது அண்ணி. அந்த வாயாடிகிட்ட ஒரு வார்த்தை விட்டா பத்து வார்த்தையா பிடுங்கிடறா.

நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். மறைக்காம சொல்லுன்னு எழுதிட்டீங்க.

அண்ணன் என்கிட்ட சொன்னது வேற. போன வருஷம் ஒரு நாள் படியில் உட்கார்ந்துட்டார். "என்ன அண்ணே"ன்னேன். "ஒண்ணுமில்லடா, நெஞ்சை யாரோ ஸ்பேனர் போட்டு ஒரு சுத்து இறுக்கற மாதிரி இருக்கு"ன்னார். டாக்டர்கிட்ட போலாம்னா, "இந்த லிஃப்ட் முடியட்டும்"னார். லிஃப்ட் முடிஞ்சா அடுத்த லிஃப்ட். "நடந்தா சரியாப் போவுது. தினமும் நடக்கறேன்ல"ன்னார். நான் விடலை. "நீங்களா? மழைன்னா வேலைக்கே வர யோசிக்கிற ஆளு, தினமும் நடக்கறீங்களா?"ன்னு கிண்டல் பண்ணினேன். அதுக்குச் சொன்னார். "அவளைக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு பேரு இருக்குடா. அந்தப் பேரை நம்பித்தான் நானே போறேன். தனியா விட்டா ரெண்டாம் நாளே போர்வையை இழுத்துப் போர்த்திக்குவேன். அவ கதவுகிட்ட ஷூவைப் போட்டுக்கிட்டு நிக்கிறாளே, எப்படிடா படுக்கறது?" உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னார். சொன்னா நீங்க வேலையை விடச் சொல்லுவீங்களாம்.

வாயாடிக்கும் இது தெரியாது. எது நிஜம்னு எனக்கும் தெரியலை அண்ணி. ரெண்டு பேர்கிட்டயும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லியிருக்கார்.

அண்ணனோட டூல் பை என்கிட்ட அப்படியே இருக்கு. அவர் கட்டின கயிறை என்னால அவிழ்க்க முடியலை, அறுக்க மனசு வரலை. அவர் முடிச்சுப் போட்டா போட்டதுதான். இத்தனை வருஷத்தில் ஒண்ணுகூட தானா அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை வரும்போது அப்படியே கொண்டுவந்து தரேன்.

உடம்பைப் பார்த்துக்குங்க.

கிரீஸ்

ஜூன் 24

என் வாயாடிக்கு,

சுகம்தானே? உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நான் நடக்கிறேன். நம்ப மாட்டாய், நம்பவேண்டாம். எப்படி ஆரம்பித்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உன்னைப் பொய்யாக்கணும் என்று அன்றைக்குப் போனேன் இல்லையா? கை ஆட்டிக் கத்தினானே ஒரு ஆள், அவன் என்னதான் கத்தினான் என்று மறுநாள் மனசு அரித்தது. கேட்கப் போனேன். "பள்ளம் இருக்கு பாட்டி, தள்ளி நில்லுங்க"ன்னு கத்தினானாம். பாட்டி என்றானே என்று எனக்கு ரோஷம். எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டேன். "சீக்கிரம்" என்றான். சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம் என்று பார்க்க அடுத்த வாரம் போனேன். ஒரு கல் நகரவில்லை. திட்டிவிட்டு வந்தேன். அப்புறம் திட்டுவதற்காகவே போக ஆரம்பித்தேன். இப்போது நான் தூரத்தில் வரும்போதே "டேய், மேஸ்திரி அம்மா வந்தாச்சு, மண்வெட்டியை எடுங்கடா" என்று சத்தம் போடுகிறார்கள். அவ்வளவு சத்தம் என் காதுக்கே கேட்கிறது. போகாத நாளும் உண்டு. மூன்று நாள் சேர்ந்தாற்போலப் போகாமல் இருந்தேன், அவ்வளவுதான், இனிமேல் விட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் ஒருத்தன் "எங்கே காணோம், உடம்பு சரியில்லையா?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் உடம்பு வகுப்பு அம்மாவிடம் கேளு. அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைக்கிறதையும் பழக்கத்தில் சேர்ப்பார்களா என்று.

பன்னை அடியோடு விடவில்லை. உட்கார்ந்து பாதி தின்கிறேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாசம் இப்படியே இறங்கினால் தேதி கொடுப்பேன் என்று கண் டாக்டரம்மா கத்தினாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே கத்தினாள். ஆகஸ்டுக்குள் கிடைக்குமா என்று தெரியாது.

கிரீஸ் தம்பி ஒரு கடிதம் போட்டான். எல்லோரும் சுகமாம். அப்பா பையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றான். வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அப்பா எனக்காகத்தான் நடந்தார். நீ சொன்னது சரி. அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் குடி.

அம்மா

ஜூலை 19

மூக்கரே,

நான் சுகம் என்று எழுதினால் இந்தத் தடவை பாதி நிஜம்.

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். தகரத்தை எடுத்துவிட்டார்கள், அந்த ஆட்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திட்ட ஆள் இல்லாமல் காலையில் கதவுகிட்டே பழையபடி உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உட்காரவும் செய்தேன். உங்கள் ஷூவைப் பார்த்து, "மேஸ்திரி போய் வேலையைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். புது சிமெண்ட் எப்படிப் பூசியிருக்கிறார்கள் என்று பார்க்கணுமே.

மருந்துக் கடை, பள்ளிக்கூடத்துச் சுவர். அப்புறம் மேடு. நீங்கள் இல்லாமல் அந்த மேட்டில் நான் ஏறினது இதுதான் முதல் தடவை.

ஏறினேன். விளக்குக் கம்பத்தைப் புதுசாக வர்ணம் அடித்து அதே இடத்தில் நட்டிருக்கிறார்கள். அதுக்குக் கிட்டே போகும்போது எனக்கு மூச்சு முட்டியது. என்னடா இது, ரெண்டு வருஷம் இதே மேட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறினவள்தானே என்று நினைத்தேன். ஒரு நாள்கூட எனக்கு இங்கே மூச்சு வாங்கினது இல்லையே.

அங்கேயே நின்றேன். போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். என் ஷூவில் கயிறு இல்லை, ஒட்டுப் பட்டைதான், குனிவதற்கு ஒரு சாக்கு இல்லை. ஏதோ தண்டவாளத்தைப் பார்க்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதும் மூச்சு தானாக அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் குனிந்தால் நானும் நிற்பேன். முட்டுவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் மூச்சு எப்படி முட்டும்? அதனால்தான் இந்த மேடு எனக்கு மேடு என்றே தெரியவில்லை.

சரி, எனக்காகத்தான் நின்றீர்கள், வாயாடி சொன்னதுதான் நிஜம் என்று நினைத்து உச்சி வரை ஏறினேன். அழுகையும் வந்தது, கொஞ்சம் திமிரும் வந்தது.

உச்சியில் நின்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நீங்கள் கயிறு கட்டிவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கையால் கம்பத்தைப் பிடிப்பீர்கள். முகம் சிவந்திருக்கும். "என்ன?" என்றால், "குனிஞ்சா ரத்தம் மூஞ்சிக்கு வரும்டி, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பீர்கள். ஒரு சமயம் நெஞ்சைத் தடவின மாதிரியும் இருந்தது. சட்டைப் பித்தானைப் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பித்தான் போட்டீர்களா, தடவினீர்களா, எனக்குத் தெரியவில்லை.

கிரீஸ் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நானும் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. நகம் உடைந்ததுதான் மிச்சம். அவிழ்க்காமல் உங்கள் ஷூவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நாளைக்கும் போவேன் என்று நினைக்கிறேன். எதற்காக என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? கண்ணுக்காகவா, வேலைக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா? உங்களுக்காக என்று சொல்ல முடியாது, எனக்காக என்று சொன்னால் வாய் கூசுகிறது. மேட்டில் பாதியில் நிற்பேன். கயிறு இல்லாவிட்டாலும் குனிவேன், என்னவோ விழுந்துவிட்ட மாதிரி.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். லிஃப்ட் கயிறுக்கே முடிச்சுப் போடுகிற மனுஷன் நீங்கள். தினமும் அதே கம்பத்துக்கிட்டே, அந்த ஷூக் கயிறு நிஜமாகவே அவிழ்ந்ததா, மூக்கரே?